டிங்கி பொம்மைக் கார்கள்: நாலு வண்டியில் நாலு விதமாகப் பெயர் இருக்கிறது, எது அசல்?

குருசுக்குப்பத்துப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் இன்றைக்கும் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே கிழிந்த வேட்டித் துணியில் சுற்றிய நான்கு உலோகப் பொம்மை வண்டிகள். அப்பா கையில் எடுத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பழைய சாமான் வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன், விற்பதற்காக இல்லை, விவரம் கேட்கத்தான். வண்டிகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரே கம்பெனி தன் பேரை நாலு விதமாகவா போடும்? எல்லாம் டூப்ளிகேட். நாலுக்கும் சேர்த்து ஐநூறு தர்றேன்" என்றார். மனசு கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இருப்பவை இவை. சாம்பல் நிறத்தில் ஒரு சித்ரோயன் 2சிவி, அடியில் டிங்கி டாய்ஸ், மெக்கானோ, மேட் இன் பிரான்ஸ். வெளிர் பழுப்பில் ஒரு ஸ்டாண்டர்ட் வான்கார்ட், அடியில் டிங்கி டாய்ஸ், மேட் இன் இங்கிலாந்து, மெக்கானோ லிமிடெட். கை (Guy) என்ற கம்பெனியின் லாரி ஒன்று, அதில் டிங்கி சூப்பர்டாய்ஸ் என்று இருக்கிறது, ஆனால் அதோடு கிடைத்த கிழிந்த அட்டைப் பெட்டியில் வெறும் டிங்கி டாய்ஸ். கடைசியாக ஒரு ஃபோக்ஸ்வாகன் 1500. இதில் டிங்கியே இல்லை, நிக்கி டாய்ஸ், மேட் இன் இந்தியா. எழுத்தின் பருமனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இதில் எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மஞ்சக்குப்பம் தகரவண்டி

தம்பி, முதலில் டப்பாவை மூடி பத்திரமாக வையுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முப்பது வருஷமாக இந்த வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குச் சில விவரம் வேண்டும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, அடிப்பகுதியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 2சிவியின் டயரில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடித்தகடு ரிவிட் அடித்துப் பிடித்திருக்கிறதா, திருகா? எதையும் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

குருசுக்குப்பத்துப் பேரன்

ஐயா, உடனே பதில் போட்டதற்கு நன்றி. 2சிவி டயரில் டன்லப் என்று பொடி எழுத்தில் இருக்கிறது! இத்தனை நாள் யாருமே கவனிக்கவில்லை. நான்கிலும் ரிவிட்தான், திருகு எதிலும் இல்லை.

நிக்கி வண்டியில் ஒரு விஷயம். அந்தப் பெயர் இருக்கிற இடம் மட்டும் சுற்றியுள்ள பரப்பைவிட லேசாக மேடாக இருக்கிறது. விரல் வைத்தால் சொரசொரவென்று தெரிகிறது. மற்ற எழுத்துகள் வழவழப்பாக, கூர்மையாக இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதுவதற்கு முன்பே சித்தி அந்த லாரியைப் புளி போட்டு விளக்கிவிட்டார், பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும் என்று நினைத்து. ஒரு மூலையில் உலோகம் கறுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

தட்டாஞ்சாவடி டைக்காரன்

புளியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பித்தளைக்குப் புளி சரி. இது துத்தநாகக் கலவை, அமிலம் பட்டால் கரையும். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் காயவையுங்கள். கடல் காற்று படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அச்சுக்கம்பி துருப்பிடிக்கும், துத்தநாகத்தில் வெள்ளையாகப் பூக்கும்.

அந்த மேட்டைப் பற்றி நான் சொல்கிறேன், டை-காஸ்டிங்தான் என் தொழில். வண்டியில் புடைத்து நிற்கிற எழுத்து, உலோகத்தை வார்க்கிற அச்சான டையில் குழியாக வெட்டப்பட்டிருக்கும். ஏற்கெனவே வெட்டிய எழுத்தை அழிக்க இரண்டு வழிதான். குழியில் வெல்டு வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தையே பட்டையாக இன்னும் ஆழமாகக் குடைந்து, புதுப் பெயரை அதற்குள் வெட்ட வேண்டும். குடைந்தால் வார்ப்பில் அந்த இடம் மேடாகத்தான் விழும். நீங்கள் விரலில் உணர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். வேறு யாரோ ஆண்ட டையில் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

நாலு வண்டியையும் டூப்ளிகேட் என்றவருக்கு ஒரு வார்த்தை. பொம்மையை வைத்து அதன் மேலேயே அச்சு எடுத்து நகல் வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கும். இந்த அளவு வண்டியில் அரை மில்லிமீட்டராவது குறையும், எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போகும். எழுத்து கூர்மையாக இருக்கிறது என்கிறீர்கள். அதுவே நல்ல சேதி.

மஞ்சக்குப்பம் தகரவண்டி

டைக்காரர் சொன்னது அப்படியே சரி. இனி வண்டி வண்டியாகப் போகலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிங்கி என்பது கம்பெனியின் பெயரே அல்ல. கம்பெனி லிவர்பூலில் ஃப்ராங்க் ஹார்ன்பி தொடங்கிய மெக்கானோ. 1933 கடைசியில் ரயில் பொம்மைகளுக்குத் துணையாகக் குட்டி வண்டிகள் வந்தபோது அவற்றுக்கு மாடல்டு மினியேச்சர்ஸ் என்று பெயர், வார்ப்பில் ஹார்ன்பி சீரிஸ் என்று இருக்கும். அடுத்த வருஷம், 1934-ல்தான் டிங்கி டாய்ஸ் ஆனது. பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே பெயர் மாறிவிட்டது. அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை.

உங்கள் 2சிவி பிரான்சில் செய்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் பொபிஞி என்ற இடத்தில் மெக்கானோவுக்குத் தனித் தொழிற்சாலை இருந்தது. தனி டை, தனி எண் வரிசை, தனி எழுத்து. டயரில் டன்லப் என்று போட்டது அவர்கள்தான். இந்த 2சிவி 1952-ல் 24 டி (T) என்ற எண்ணில் வந்தது. 1959-ல் எண்ணை எல்லாம் மாற்றியபோது 535 ஆனது. வண்டி அதே வண்டி. ஆக, இங்கிலாந்து எழுத்தோடு இதை ஒப்பிட்டுப் போலி என்பது, பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் ஏன் அசோகச் சக்கரம் இல்லை என்று கேட்கிற மாதிரி. உங்கள் ஊர்க்காரருக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

வான்கார்ட் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்தது. முதலில் 40 இ, 1954 வாக்கில் 153. இதன் நிஜ வண்டி நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் பாகங்கள் சேர்த்துப் பூட்டப்பட்டு ஓடியது. உங்கள் அப்பாவிடம் கேட்டால் ஞாபகம் இருக்கலாம்.

லாரிதான் சுவாரசியம். பெரிய வண்டிகளுக்கு 1947-ல் சூப்பர்டாய்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். 1950-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1955-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள், நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பெட்டியோடு. இந்தக் கை லாரி 511 ஆகப் பிறந்து, 911 ஆகி, கடைசியில் 431 ஆனது. பெட்டி அச்சடிப்பது சுலபம், விற்பனைப் பிரிவு முடிவெடுத்தால் அடுத்த மாதமே புதுப் பெட்டி வந்துவிடும். டை அப்படி இல்லை. லட்சக்கணக்கில் வண்டி அடிக்கிற டையை ஒரு வார்த்தைக்காக நிறுத்தி வைக்க மாட்டார்கள். அதனால் அடியில் ஒரு பெயர், பெட்டியில் இன்னொரு பெயர். ஒரே வருஷத்தில் ஒரே கடையில் விற்றவைகூட இப்படி இருக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா

ஐயா, பிரெஞ்சு வண்டி வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிக்கி? பெயரையே மாற்றி வைத்தால் அது நகல்தானே? சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கதவு சரியாக மூடாது, பெயின்ட் திட்டுத் திட்டாக இருக்கும். டிங்கி கம்பெனி அப்படிச் செய்யுமா?

மஞ்சக்குப்பம் தகரவண்டி

கேட்டது நியாயமான கேள்வி அம்மா. டிங்கி கம்பெனி அதைச் செய்யவில்லை, உண்மை. ஆனால் நகலும் இல்லை. லிவர்பூலில் ஓடி முடிந்த டைகளை மெக்கானோ இந்தியாவுக்கு விற்றது. கல்கத்தாவில் அட்டாம்கோ என்ற கம்பெனி அவற்றை வைத்து நிக்கி டாய்ஸ் என்று வார்த்தது, 1960களின் கடைசியிலிருந்து. டை தேய்ந்தது, பெயின்ட் இங்கே கிடைத்தது, அதனால்தான் கதவு மூடவில்லை. உடம்பு லிவர்பூல், ரத்தம் கல்கத்தா.

ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். டி, ஐ, என், கே, ஒய். என், ஐ, சி, கே, ஒய். இரண்டிலும் ஐந்து எழுத்து. முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும்தான் மாறுகின்றன, மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகனின் 144 என்ற எண்கூட லிவர்பூல் வைத்ததுதான். நான் முதல்முதலாகக் கையில் பிடித்த வண்டி நிக்கிதான். சென்னை மூர் மார்க்கெட்டில் அப்பா வாங்கித் தந்தார். பிரெஞ்சு 2சிவி கொடுத்தாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

லெஸ்னி ரசிகன்

மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்கள் சேர்ப்பவன் நான். அங்கேயும் இதே கதைதான். ஆரம்பப் பெட்டிகளில் மோக்கோ லெஸ்னி என்று இருக்கும். மோக்கோ என்பது விற்பனை செய்தவரின் பெயரிலிருந்து வந்தது, லெஸ்னி செய்தவர்களின் பெயர். அப்புறம் மோக்கோ போய்விட்டது. 1982-ல் லெஸ்னி நொடித்த பிறகு அடியில் மேட்ச்பாக்ஸ் இன்டர்நேஷனல், ஊரின் பெயரும் இங்கிலாந்திலிருந்து மக்காவ் என்று மாறியது. டிங்கியையும் 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கி, அப்புறம் ஏர்ஃபிக்ஸ் கைக்குப் போய், 1979-ல் பின்ஸ் ரோட்டை மூடினார்கள். கை மாறினால் பெயரெழுத்தும் மாறும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மாட்டெல் என்ற பொம்மைக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி அட்லஸ் என்ற கம்பெனி சீனாவில் செய்த மறுபதிப்பு டிங்கிகள் இப்போது நிறையச் சுற்றுகின்றன. பெட்டியும் பழைய மாதிரியே இருக்கும். பெட்டியும் வண்டியும் கச்சிதமாக ஒத்துப்போய், பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தால் அப்போதுதான் நான் சந்தேகப்படுவேன்.

குருசுக்குப்பத்துப் பேரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லா பதிலையும் படித்துக் காட்டினேன். 2சிவி தாத்தா லீவில் வந்தபோது கப்பலில் கொண்டுவந்ததாம். லாரியும் வான்கார்டும் அப்பாவின் பெரியப்பா கொடுத்தவை. நிக்கி மட்டும் பிற்பாடு சித்தப்பாவுக்காக வாங்கியது. டார்ச் வெளிச்சத்தில் அந்த மேட்டை அப்பாவும் விரலால் தடவிப் பார்த்தார். விற்கிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். வான்கார்டின் ஒரு டயர் வெடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது. புது ரப்பர் டயர் கிடைக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?

மஞ்சக்குப்பம் தகரவண்டி

மாட்டலாம் தம்பி, அதில் தப்பில்லை. ஆனால் உதிர்ந்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னக் கவரில் போட்டு, எந்தச் சக்கரத்திலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். மற்ற மூன்று டயரையும் தொட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு வண்டியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடலூருக்கு வாருங்கள். என்னிடம் 431 எண்ணில் அதே லாரி பெட்டியோடு இருக்கிறது, இரண்டையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.