"எனக்கும் வருமா?" என்று பிள்ளைகள் கேட்டால்: மனநோயும் மரபும், உங்கள் அனுபவம் என்ன?

நிலாமுற்றம்:

அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது, அவருடைய அக்காவுக்கும். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்தது, இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கல்லூரி போகும் மகள் "எனக்கும் வருமாம்மா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். மழுப்ப மனம் வரவில்லை. என் டாக்டரிடமே அவளையும் அழைத்துப் போனேன்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37% என்றார். அதை "உனக்கு வர 37% வாய்ப்பு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். ஒரு மக்கள்கூட்டத்தில் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் மரபால் வருவது எவ்வளவு என்ற கணக்குதான் அது. தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு கூடுகிறது. அப்படியும் வராமலே வாழ்கிறவர்கள் ஏராளம். மகள் கலங்கவில்லை. "அப்போ நான் என்ன அறிகுறியைக் கவனிக்கணும்?" என்று அடுத்ததைக் கேட்டாள். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. உங்கள் வீட்டில் எப்படிப் பேசினீர்கள்?

கரையோரம்:

அக்கா, நீங்கள் பேசவாவது பேசினீர்கள். எங்கள் வீட்டில் பேசாததுதான் வினையானது.

தம்பி சாப்பாடு, வேலை எல்லாம் விட்டு முடங்கிக் கிடந்தான். டாக்டர் முதல் நாளே "குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் "யாருக்கும் கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா இரவு பகலாகத் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்ததும், கையில் இருந்ததையெல்லாம் வாரி இறைத்ததும், மருத்துவமனையில் கிடந்ததும் அவர்களுக்குத் தெரியாதா என்ன? வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்ற பயம்.

மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் ஆரம்பித்தார்கள். தம்பி எழுந்து நடமாடினான். குணமாகிவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு தூக்கம் போனது, பேச்சு வேகம் பிடித்தது, கடன் வாங்கித் தொழில் மேல் தொழிலாகத் தொடங்கப்போவதாகக் கிளம்பினான். அப்போதுதான் சித்தி யாரையும் கேட்காமல் டாக்டரிடம் போய்ச் சித்தப்பா கதை முழுவதையும் சொன்னார்.

சித்தப்பாவுக்கு இருந்தது பைபோலார். மனச்சோர்வும், மேனியா என்கிற அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய் அது. பல சமயம் மனச்சோர்வாகத்தான் முதலில் வரும். அதில் மரபின் பங்கும் மிக அதிகம். 60 முதல் 85% வரை என்கின்றன ஆய்வுகள். அந்தக் குடும்ப வரலாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மேனியா பக்கம் தள்ளிவிடலாம். டாக்டர் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டது அதனால்தான்.

மாத்திரையை நிறுத்திவிட்டு, சித்தப்பாவுக்கு எந்த மருந்து கேட்டது என்று விசாரித்தார். லித்தியம். ஒருவருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டால் ரத்த உறவுகளுக்கும் கேட்கும் வாய்ப்பு கூடுதலாம். தம்பிக்கும் கேட்டது. ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துக்கொண்டே இன்றும் எடுக்கிறான், வேலைக்குப் போகிறான். சித்தி மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டில்ஒருவன்:

நானும் அண்ணனும் ஒரே கருவில் உருவான இரட்டையர். அவனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), எனக்கு இல்லை. எனக்கு எப்போது வருமோ என்று பயந்தே இளமை போனது. இப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், பாதி ஜோடிகளிலாவது மற்றவருக்கு வருவதில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

என்னைவிட அதிகம் துன்பப்பட்டது அம்மா. "வளர்த்த விதம் சரியில்லை" என்று சொல்லாத உறவே இல்லை. 1966இல் லெனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வை அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, சில நாள்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வந்தது. அந்த நோய் இல்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் பிரிந்து வளர்ந்த 50 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. அம்மா திரும்பத் திரும்ப விளக்கச் சொல்லிக் கேட்டார். இதையெல்லாம் டாக்டர்கள் பெற்றோரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

சோதனைக்கூடம்:

மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். "மனச்சோர்வு ஜீன் இருக்கிறதா என்று எச்சில் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். 2003இல் மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட செரோட்டோனின் கடத்தி மரபணுதான் பெரிய செய்தி. அதோடு சேர்த்துப் பேர்போன 18 மரபணுக்களை 2019இல் லட்சக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை. 29 நாடுகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2025இல் வந்த ஆய்வு, மனச்சோர்வோடு தொடர்புள்ள மரபு மாற்றங்கள் ஏறக்குறைய 700 என்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் துளி. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும் தனி ஒருவருக்கு வருமா வராதா என்று சொல்ல முடியாது. அதிலும் இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை; நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும்.

ஒரே ஒரு சோதனையைப் பற்றிக் கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள். வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரும் கார்பமாசெபின் மருந்தை எழுதிக் கொடுத்தால், எச்எல்ஏ-பி*15:02 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் இந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு, அந்த மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வரக்கூடும்.

மழைமேகம்:

எனக்கு பைபோலார், அதற்கு வால்புரோயேட் மாத்திரை எடுக்கிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற யோசனையிலேயே நாள் போகிறது.

சோதனைக்கூடம்:

தங்கச்சி, பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவில்தான் சொல்லப்படுகிறது. எனக்கு அதைவிட அவசரமாகத் தெரிவது உங்கள் மாத்திரை. வால்புரோயேட் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உடலையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் ஆசையைச் சொல்லி, வேறு மருந்துக்கு மாற வழி கேளுங்கள். அதுவரை கருத்தடை முக்கியம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.