டோர்ட்மண்ட்: பார்சலுக்குப் பாக்ஸ்டேஷனா, போஸ்ட்ஃபாக்கா?

புது_மாணவன்:
வணக்கம். ஜெர்மனியில் டோர்ட்மண்டில் நான்கு பேர் தங்கும் ஒரு வேகேயில் (பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் வீடு) அறை கிடைத்து வந்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய குளிர் ஜாக்கெட்டைக் கூரியர்காரர் கீழே படிக்கட்டு ஓரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வருவதற்குள் காணவில்லை. அக்கம்பக்கம் கேட்டாயிற்று. வங்கிக் கார்டு, இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாம் வேறு இனிமேல்தான் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு போஸ்ட்ஃபாக் (தபால் நிலையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் பெட்டி) எடுத்துவிடலாமா?

ரூர்_அக்கா:
தம்பி, அதற்கு முன்னால் கீழே போய்த் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கே முகவரியில் ஃபிளாட் நம்பர் இருக்காது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். டாக்ஸ் எண், வங்கியின் பின், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாம் இப்படித்தான் வரும். நம் ஆட்களுக்கு அப்பா பெயரும் சேர்ந்து வருவதால், எது குடும்பப் பெயராக அச்சாகும் என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பார்சலுக்குப் பாக்ஸ்டேஷன்தான், அதாவது நாமே போய்ப் பார்சலை எடுத்துக்கொள்ளும் தானியங்கிப் பெட்டி. 2001இல் இதை முதலில் சோதித்துப் பார்த்த ஊர்களில் நம்ம டோர்ட்மண்டும் ஒன்று, இன்னொன்று மைன்ட்ஸ். இப்போது சூப்பர் மார்க்கெட் வாசலிலெல்லாம் அந்த மஞ்சள் பெட்டி நிற்கிறது. காசு கிடையாது. அதை நடத்தும் பார்சல் நிறுவனமான டிஎச்எல்லில் கணக்கு தொடங்கினால் ஒரு போஸ்ட்நம்மர் (வாடிக்கையாளர் எண்) தருவார்கள். அப்புறம் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், அதிலுள்ள குறியீட்டை ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தக் கடிதம் வரவும் பெட்டியில் பெயர் வேண்டும்!

ஆர்டர் போடும்போது உங்கள் பெயருக்குக் கீழே போஸ்ட்நம்மர், தெரு என்ற இடத்தில் பாக்ஸ்டேஷன், வீட்டு எண்ணுக்குப் பதில் அந்தப் பெட்டியின் எண். பின்கோடும் பெட்டி இருக்கும் இடத்தினுடையது, உங்கள் வீட்டினுடையது இல்லை. பார்சல் வந்ததும் செய்தி வரும், 7 நாளுக்குள் எடுத்துவிடுங்கள்.

எசன்_வாசி:
அக்கா சொன்னது சரி. ஆனால் டிஎச்எல் கொண்டுவரும் பார்சல் மட்டும்தான் அதில் போகும். ஹெர்மெஸ், டிபிடி போன்ற வேறு கூரியர்கள் என்றால் அவரவர் பார்சல் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அளவு 75×60×40 சென்டிமீட்டர் வரை, குக்கர் தாராளமாகப் போகும்.

ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். ‘இந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம்’ என்று நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால் இழப்பு உங்களுடையது. கொடுக்கவில்லை என்றால், பொருள் உங்களிடம் வந்து சேரும்வரை விற்றவர்தான் பொறுப்பு. கூரியரோடு மல்லுக்கட்டாமல் நேரே கடைக்கு எழுதுங்கள்.

புது_மாணவன்:
ரொம்ப நன்றி. அனுமதி எதுவும் கொடுக்கவில்லை, இன்றே எழுதுகிறேன். அப்போ போஸ்ட்ஃபாக் வேண்டாமா?

ரூர்_அக்கா:
உங்களுக்கு வேண்டாம். அது கடிதத்துக்கான பெட்டி, வாடகை உண்டு. எடுத்தாலும் ஆன்மெல்டுங் (நகர அலுவலகத்தில் குடியிருப்புப் பதிவு) செய்ய வீட்டு முகவரிதான் வேண்டும். மற்ற கூரியர்காரர்கள் அதில் போடவும் முடியாது. சங்கம் நடத்துகிறவர்களுக்கு அது நல்லது, செயலாளர் மாறினாலும் முகவரி மாறாது.

பாக்ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது திரை இருக்கிறதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். திரையில்லாத புதுப் பெட்டி போனின் ப்ளூடூத்தில்தான் திறக்கும், சார்ஜ் இல்லாமல் போய் நிற்காதீர்கள்.