முகத்தின் மேல் எழுத்து: டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் போட்டும் ஸ்டிக்கர் மாதிரியே இருக்கிறது

கோட்டோவியன்:
ஒரு முதியவரின் முகம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், 4000 பிக்சல் அகலம். அதன் மேல் கையெழுத்து வரிகள் தோலிலேயே ஊறிய மை மாதிரி ஓட வேண்டும். முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேப்பாகப் பயன்படுத்த பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து, போட்டோஷாப்பில் எழுத்து லேயருக்கு டிஸ்ப்ளேஸ் (மேப்பின் கறுப்பு வெள்ளைக்கு ஏற்பப் பிக்சல்களை நகர்த்தும் ஃபில்டர்) போட்டேன், ஹரிசாண்டல் (கிடைமட்டம்), வெர்ட்டிகல் (செங்குத்து) இரண்டு ஸ்கேலும், அதாவது நகர்வின் அளவும், 10. எழுத்தின் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி ஆகிறது, ஆனால் சுருக்கங்களில் வரி வளையவே இல்லை. புருவத்துக்கு மேல் மட்டும் ஒரு வரி காரணமில்லாமல் கீழே சரிகிறது. மல்டிப்ளை (கீழே இருக்கும் படத்தோடு கலந்து கருமையாக்கும் முறை) வைத்தும் ஒட்டிய மாதிரிதான் தெரிகிறது. எங்கே கோளாறு?

சாம்பல்128:
கோளாறு மேப்பில்தான். அந்த ஃபில்டருக்கு 128 சாம்பல் (0 கறுப்பு, 255 வெள்ளை, இது நடு) என்றால் அசையாதே என்று அர்த்தம், அதைவிடக் கறுத்தால் படம் கீழும் வலமும் போகும், வெளுத்தால் மேலும் இடமும் போகும். ஸ்கேல் 100 வைத்தால் அதிகபட்ச நகர்வு 128 பிக்சல், அப்படியானால் 10க்கு சுமார் 13 பிக்சல்தான், 4000 பிக்சல் படத்தில் அது சுருக்கத்தில் வளைந்ததாகத் தெரியாது. ஆனால் தோலின் துளைகளும் தாடி முள்ளும் மேப்பில் அப்படியே இருப்பதால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஆளுக்கொரு திசையில் குதிக்கின்றன, ஓரம் பிய்வது அதனால்தான். மேப்புக்கு முதலில் மீடியன், அப்புறம் காசியன் பிளர், இரண்டும் நுண்விவரங்களை மழுக்கும் ஃபில்டர்கள். துளைகள் மறைய வேண்டும், சுருக்கங்கள் நிற்க வேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிறகு லெவல்ஸில் (வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி) கன்னத்தை நடுச் சாம்பலுக்குக் கொண்டுவந்து ஸ்கேலை 25, 30 என்று ஏற்றிப் பாருங்கள்.

புருவம் சரிவது இன்னும் எளிது. ஃபில்டருக்கு மேடு பள்ளம் தெரியாது, கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியும். புருவ முடி கறுப்பு, அதனால் அதைப் பள்ளமாக எடுத்துக்கொள்கிறது. மேப்பில் மட்டும் புருவம், உதடு, மூக்குத்துவாரம் எல்லாவற்றையும் பக்கத்துத் தோலின் சாம்பலால் பூசிவிடுங்கள்.

மூன்றாம்லேயர்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஸ்கேலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏற்றாதீர்கள். சாம்பல் மேப்பில் இரண்டும் சமமாக இருந்தால் எல்லாம் மூலைவாட்டில்தான் நகரும், எழுத்து இழுபட்டுப் படிக்க முடியாமல் போகும். படுக்கையாக ஓடும் வரிகளுக்கு ஹரிசாண்டலை 0 அல்லது 5இல் வைத்து வெர்ட்டிகலை மட்டும் ஏற்றினால் வரி ஏறி இறங்கும், எழுத்தின் உருவம் கெடாது. இன்னும் பிடி வேண்டுமானால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல் கொண்ட) மேப் செய்யலாம்: முதல் சேனல் கிடைமட்டத்தையும் இரண்டாவது செங்குத்தையும் நகர்த்தும், சிவப்பில் ஒரு மாதிரி, பச்சையில் வேறு மாதிரி தீட்டிக்கொள்ளலாம்.

முகத்தின் பெரிய வளைவை இந்த ஃபில்டரிடம் கேட்காதீர்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் அது பாதி முகத்தை மேடாகவும் மறுபாதியைப் பள்ளமாகவும் நினைத்துக்கொள்ளும். கன்னம், நெற்றி வளைவுக்கு முதலில் வார்ப் (லேயரைக் கையால் இழுத்து வளைக்கும் கருவி), சுருக்கத்துக்கு மட்டும் டிஸ்ப்ளேஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மேப்பைத் திட்டுகிறார்கள்!

நிழல்பிடி:
ஸ்டிக்கர் தோற்றத்துக்கும் மேப்புக்கும் சம்பந்தமில்லை. மை சுத்தக் கறுப்பாக இருக்கக் கூடாது, முகத்தின் நிழலிலிருந்தே ஒரு பழுப்பை எடுங்கள். பிளெண்ட் இஃப்பில் (வெளிச்சத்தைப் பொறுத்து லேயரை மறைக்கும் அமைப்பு) அண்டர்லையிங் லேயரின், அதாவது கீழே இருக்கும் முகத்தின், வெள்ளை முனையை ஆல்ட் அழுத்திப் பிரித்து உள்ளே இழுத்தால் மூக்கு நுனி, நெற்றி மினுமினுப்பில் மை தானே மங்கும். கடைசியாக எழுத்துக்கு லேசான பிளரும் படத்தில் இருக்கிற அளவு நாய்ஸும் (புள்ளித் துகள்). போட்டோவைவிட எழுத்து கூர்மையாக இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

கிம்ப்காரன்:
போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு: இலவச மென்பொருளான கிம்ப்பில் மெனுவில் ஃபில்டர்ஸ், மேப், டிஸ்ப்ளேஸ். வேறொரு லேயரையே மேப்பாகக் காட்டலாம், தனிக் கோப்பாகச் சேமிக்கும் தொல்லை இல்லை.

கோட்டோவியன்:
புருவம் சரியாகிவிட்டது, வெர்ட்டிகல் மட்டும் ஏற்றியதில் சுருக்கமெல்லாம் அருமையாக வளைகிறது. மூக்கின் நிழல் பக்க ஓரத்தில் மட்டும் வரி வழுக்கிக்கொண்டு போகிறது, மேப்பை எவ்வளவு மாற்றினாலும் நிற்கவில்லை.

மூன்றாம்லேயர்:
அங்கே மேப் உதவாது. மூக்குக்குப் பின்னால் போகும் வரி கொஞ்ச தூரம் மறைய வேண்டும், ஃபில்டரோ இருப்பதை நகர்த்தும், ஒளிக்காது. வரியை மூக்கு விளிம்பில் மாஸ்க்கால் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) வெட்டி, மிச்சத்தைத் தனி லேயராக்கி, ஒன்றிரண்டு எழுத்தை விழுங்கிவிட்டுக் கன்னத்தில் சற்றுக் கீழே தொடருங்கள்.