பச்சை வெளிச்சம் எங்கிருந்து வந்தது? டிகியூ ஜெலற்றின், டிகியூ கொலாஜன் பாவித்தவர்களின் அனுபவங்கள்

கொக்குவில்காரி:
டிகியூ ஜெலற்றின், அதாவது பச்சையாக ஒளிரும் சாயத்தை நெருக்கமாக ஒட்டிய ஜெலற்றின், பாவித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 96 குழித் தட்டு, 495 நனோமீற்றரில் தூண்டல், 515 இல் வாசிப்பு. தோலில் இருந்து வளர்த்த பைப்ரோபிளாஸ்ட் கலங்கள் போட்ட குழிகளில் ஒளி ஏறியது, சரி. கலமே போடாத குழியிலும் ஏறியது. தாங்கற்கரைசலும் ஜெலற்றினும் மட்டும்தான் அதற்குள். முதலில் கோடு தரையோடு கிடந்தது. இருட்டின பிறகு மெல்லத் தலைதூக்கி, விடியும்போது கலம் உள்ள குழிகளின் பாதி உயரத்தில் நின்றது. சேரிடம் காட்டினேன். "வெற்றுக்குழி எப்பவும் கொஞ்சம் ஏறும், அதைக் கழிச்சுப்போட்டு எழுதும்" என்றார். கழித்தால் வரைபு அழகாகத்தான் வருகிறது. ஆனால் சாயங்கள் நெருங்கி ஒட்டியிருக்கும்வரை ஒன்றின் ஒளியை மற்றது அமர்த்திவிடும், சங்கிலி வெட்டுப்பட்டால்தான் ஒளிரும் என்பதுதானே இந்தப் பொருளின் அடிப்படை? அப்படியென்றால் அந்தக் குழிக்குள் எது வெட்டியது?

வண்ணார்பண்ணை வாசகி:
நான் பார்த்தது வேறு விதம். வெளிநாட்டில் படிக்கும்போது ஆறாத காற்புண்களின் கசிவு நீரில் வேலை செய்தோம். சலரோகக்காரரின் புண்ணில் எம்எம்பி-9 அளவுக்கு மிஞ்சி நிற்கும்; எம்எம்பி என்பவை கொலாஜன் போன்ற புரதங்களை வெட்டும் நொதியங்கள். கட்டுகிற கொலாஜனை அது அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு துளி கசிவை டிகியூ ஜெலற்றினில் விட்டதும் குழி பச்சையாக எழும்பியது. பக்கத்துக் குழியில் அதே கசிவு, கூடவே ஈடிரிஏ. எம்எம்பிகளுக்கு நாகமும் கல்சியமும் வேண்டும். ஈடிரிஏ அவற்றைப் பிடித்துக்கொள்ள, அந்தக் குழி கடைசிவரை இருட்டாகவே இருந்தது. என் அப்பாவுக்குப் பெருவிரல் எடுத்த வருடம் அது. வீட்டில் எல்லாரும் "சீனியைக் கட்டுப்படுத்தேல்ல" என்று அவரையே ஏசினார்கள். புண்ணுக்குள் இப்படி ஒன்று நடக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த இரண்டு குழிகளும் இன்னும் மனதில் நிற்கின்றன.

பருத்தித்துறை அண்ணை:
தங்கச்சி கொக்குவில், உங்கள் சேர் சொன்னதில் பிழையில்லை. வெற்றுக்குழியைக் கழிப்பதுதான் முறை. நான் இந்த வேலை கொஞ்சக் காலம்தான் செய்தேன், டிகியூ கொலாஜன் I உடன். கலங்களைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்த நாளில் ஆய்வுகூடமே வந்து எட்டிப்பார்த்தது, அவ்வளவுதான் என் கதை.

ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிலது சொல்லவேண்டும். கலங்களைத் தட்டில் இருந்து கழற்ற ட்ரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியம் போடுகிறோம். அது மிச்சம் இருந்தால் ஜெலற்றினை நன்றாகவே வெட்டும். நீங்கள் எம்எம்பி என்று நினைத்து ட்ரிப்சினை அளந்துகொண்டிருப்பீர்கள். கலம் வளர்க்க ஊடகத்தில் விடும் சீரம் இன்னொரு தலையிடி: அதற்குள்ளேயே ஜெலற்றினை வெட்டும் ஜெலற்றினேசுகள் உண்டு, அவற்றைப் பிடித்து அடைக்கும் ஆல்பா-2-மக்ரோகுளோபியூலினும் உண்டு, எது வெல்லும் என்று சொல்லமுடியாது. சீரம் இல்லாத ஊடகம் பாவியுங்கள். பீனோல் சிவப்பு என்ற நிறங்காட்டி இல்லாததாகவும் எடுங்கள், அது பின்னணியைக் குழப்பும். அடுத்தது, ஜெலற்றினையும் கொலாஜனையும் ஒன்றாக நினைக்கவேண்டாம். முறுக்கு அவிழாத மூவிழைக் கொலாஜனை எம்எம்பி-1, 8, 13 போன்ற சிலவே முக்கால்வாசி நீளத்தில் ஓரிடத்தில் வெட்டும். வெட்டிய துண்டுகள் உடல் வெப்பத்தில் அவிழ்ந்து ஜெலற்றின் ஆன பிறகுதான் எம்எம்பி-2, 9 வந்து சிதைக்கும். எனவே ஜெலற்றினில் பச்சை வந்தால் "கொலாஜன் உடைகிறது" என்று தலைப்புப் போடவேண்டாம். கல்சியமும் கவனம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இருக்கின்றன, வடிகட்டும் இயந்திரம் களைத்துவிட்டால் கல்சியம் கரைசலுக்குள் வந்துசேரும். தண்ணீரின் கடத்துதிறனைக் கிழமைக்கு ஒருதரமாவது பாருங்கள்.

நல்லூர் வடக்கு:
அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் பயன்தான், ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது வேறு. அசையாமல் இருக்கிற பின்னணியைக் கழிக்கலாம். நேரத்தோடு ஏறுகிற ஒன்று பின்னணி இல்லை, அதுவே ஒரு தாக்கம். முதலில் தட்டையாகக் கிடந்து பிறகு எழும்பியது என்றால் உள்ளே ஏதோ பெருகியிருக்கிறது. பற்றீரியாக்கள் பலவும் ஜெலற்றினை வெட்டும். அதைக் கழித்து எழுதினால் உண்மையையும் சேர்த்துத்தான் கழிக்கிறீர்கள்.

என்னை அரிப்பது இது: டிகியூ கொலாஜன் IV இன் மேல் வளர்த்த புற்றுநோய்க் கலங்களில் பச்சை வெளியில் இல்லை, உள்ளே புள்ளி புள்ளியாக, கருவை ஒட்டி இருந்தது. கலம் கொலாஜனை விழுங்கி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் வைத்து அரைக்கிறது. அங்கே கத்தெப்சின்கள் என்ற நொதியங்களின் வேலை. டிகியூவில் ஒட்டிய சாயமான புளோரசீன் அமிலத்தில் மங்கும், எனவே நான் கண்ட புள்ளிகளின் உண்மை அளவு அதைவிடக் கூட. எல்லாரும் வெளியே நடப்பதையே எண்ணுகிறார்கள். 1962 இல் குரோஸும் லப்பியரும் வாற்பேயின் வாலைக் கொலாஜன் கூழில் வளர்த்தபோது சாயமே இல்லை; கூழ் கரைந்து தெளிந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் கொலாஜினேசைக் காட்டினார்கள். பார்க்கிற இடத்தை அவர்கள் தெளிவாக வைத்திருந்தார்கள்.

சாவகச்சேரி:
2022 மின்வெட்டுக் காலம். உறையவைத்த இழைய வெட்டின் மேல் டிகியூ ஜெலற்றின் ஊற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். புண்ணின் விளிம்பில் பச்சை கோடு பிடிக்கத் தொடங்கியது, படம் எடுக்கக் கை போனது, கரண்ட் போய்விட்டது. ஜெனரேற்றர் உடனே எழும்பினாலும் பாதரச விளக்கைச் சூடு ஆறாமல் திரும்பப் போடமுடியாது. ஆறின பிறகு பார்த்தால் வெட்டு முழுக்கப் பச்சை, விளிம்பும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த வெட்டு போன்ற இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கொக்குவில்காரி:
நல்லூர் வடக்கு, நன்றி. அதே குழியில் இருந்து எடுத்து அகார் தட்டில் இழுத்து வைத்திருக்கிறேன். வெட்டுவது எம்எம்பியா பற்றீரியாவா என்று அறிய ஈடிரிஏ மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது, சூடோமோனாஸ் என்ற பற்றீரியாவின் எலாஸ்ரேசும் நாகம் வேண்டிய நொதியம்தான், அதுவும் அடங்கிவிடும். பருத்தித்துறை அண்ணை, கலம் போடாத குழி என்றபடியால் ட்ரிப்சின் அங்கே வர வழியில்லை. தாங்கற்கரைசலை 0.22 மைக்ரோமீற்றர் வடியில் புதிதாக வடித்து, பழையதைப் பக்கத்துக் குழியில் வைத்து ஓடவிடுகிறேன். விடை வரும்வரை அந்தக் கோட்டைக் கழிக்கமாட்டேன் என்று சேரிடமும் சொல்லிவிட்டேன்.