தம்பியைப் பார்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். குளோசபின் மாத்திரை தொடங்கிப் பத்தாவது வாரம். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும், அதை விடாமல் செய்கிறோம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிரமம் இரவில்தான். "இதில் ஏதோ கலந்திருக்கிறாய் அக்கா" என்று மாத்திரையைத் துப்பிவிடுகிறான். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே கொடுக்கக்கூடாதாம், டாக்டரிடம் சொல்லிக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டுமாம். போன வாரம் அப்படித்தான் ஆனது. சோற்றில் மறைத்துக் கொடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. தெரிந்துவிட்டால் என் கைச் சோற்றையே அப்புறம் நம்பமாட்டான்.

மனநல வார்டில் வேலை செய்த தாதியர் யாராவது இங்கே இருந்தால், சந்தேகப்படுகிறவரிடம் எப்படிப் பேசிக் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். ஈப்போ, கோலகங்சார் வட்டாரத்தில் தமிழ் பேசும் தாதி வீட்டுக்கு வருவார்களா? அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. காலையில் நான் வேலைக்குப் போனால் அவர் மட்டும்தான் அவனோடு.