முகர்ந்து பார்த்தே 4.75 போட்டேன்: ஆர்க்னி தீவு பீர் அனுபவங்கள்

அரைபைண்ட்:

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஆர்க்னி தீவுகளுக்குப் போனவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கப்பல் கதை, ஓல்டு மேன் ஆஃப் ஹோய் என்கிற கடல் பாறைத்தூண் கதையெல்லாம் விட்டுவிடுகிறேன். குவாய்லூவில் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆர்க்னி ப்ரூவரி என்கிற பீர் ஆலை இருக்கிறதே, அங்கே நடந்தது. மச்சான் குடித்தான், நான் வண்டி ஓட்டினேன். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. ஆல்கஹால்தான் வரம்பு, இங்கிலாந்தில் இருக்கிற 80 இங்கே செல்லாது. ஆகவே எனக்கு எல்லாவற்றிலும் நாக்கை நனைக்கிற அளவுதான்.

ரெட் மெக்ரெகர் நல்ல பீர், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டார்க் ஐலண்ட், 4.6 சதவீத ஆல்கஹால், எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியாக டார்க் ஐலண்ட் ரிசர்வ் வந்தது. விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் ஊறிய, 10 சதவீதக் கறுப்பு. மச்சான் எடுத்த எடுப்பில் பாதியைக் காலி செய்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் சாராய நெடி" என்றான். நான்தான் குடிக்க முடியாதே, கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சும்மா முகர்ந்துகொண்டிருந்தேன். முதலில் வறுத்த காபி மட்டும்தான் வந்தது. கை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உலர் திராட்சை, அப்புறம் கருப்பட்டி, கடைசியில் மரமும் வெனிலாவும். மச்சான் கிளாஸ் காலியாகி வெகுநேரம் கழித்தும் என் கிளாஸ் புதிதாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வாய்தான் குடித்தேன். பீருக்கு ஐந்துக்கு மார்க் போடுகிற ஆப்பில் 4.75 போட்டேன். அவன் 3.75.

வீட்டுக்கு வாங்கிவந்த பாட்டிலை, வண்டிச் சாவியைத் தொட வேண்டாத ஒரு சனிக்கிழமை இரவு முழுசாகக் குடித்தேன். எனக்கும் 3.75தான் தோன்றியது. பாதிக்கு மேல் தித்திப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டது. இப்போது என் கணக்கில் இரண்டு மார்க்கும் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது? முழுசாகக் குடிக்காமல் போட்ட மார்க் செல்லுமா?

வடகடல்வாசி:

செல்லாது. பீர் குடிப்பதற்கு. வாசனைக்கு என்றால் அத்தர் வாங்கலாமே.

என் அனுபவம் ஆர்க்னியிலேயே ஸ்ட்ராம்னெஸ் ஊரில். பப் பெயர் வேண்டாம், பீரின் பெயரும் வேண்டாம், தீவிலேயே காய்ச்சுகிற வெளிர் ஏல் வகை பீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்க் என்கிற பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்துக் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் புளிப்பு. பழப் புளிப்பு இல்லை, காடி. நான் வாயே திறக்கவில்லை, முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என் கிளாஸை எடுத்து ஒரு முறை முகர்ந்தார், கீழே நிலவறைக்குப் போனார். திரும்பி வந்து புதுக் கேஸ்கிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, பழையதைக் கொட்டாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இரண்டையும் குடித்துப் பாருங்கள், இப்போதுதான் இது என்ன பீர் என்று தெரியும்" என்றார்.

ஒரே பீர். ஒரே ப்ரூவரி, ஒரே நாள், ஒரே பம்ப். ஒன்று ஆரஞ்சுத் தோலும் பிஸ்கட்டுமாக அழகாக இருந்தது, இன்னொன்று ஊறுகாய் ஜாடி. கேஸ்க் பீர் திறந்து மூன்று நாளைக்கு மேல் தாங்குவது கஷ்டம், உள்ளே காற்று போய்விடுகிறதே. எனக்கு முன்னால் அந்தப் பப்பில் உட்கார்ந்து, பழைய கேஸ்கைக் குடித்து 2.5 போட்டுவிட்டுப் போனவர் எத்தனை பேரோ. அந்த மார்க் ப்ரூவரி தலையில்தானே விழுகிறது. பப்புக்கு மார்க் போட அந்த ஆப்பில் இடமே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஈஸ்ட்மாமா:

@அரைபைண்ட், தம்பி, உங்களுக்கு நடந்தது இரண்டு வெவ்வேறு சோதனை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே கூடாது. விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வாசனை என்பது சூட்டோடு எழும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. அந்தக் குளிரில் எந்தக் கறுப்பு பீரும் ஊமை. கேஸ்க் ஏலுக்கே 11 முதல் 13 டிகிரி என்கிறார்கள், 10 சதவீதச் சரக்குக்கு அதற்கும் மேலேயே போகலாம். நீங்கள் குவாய்லூவில் கையால் பொத்திச் சூடேற்றினீர்கள், வீட்டில் செய்தீர்களா? இது முதல் விஷயம்.

அடுத்தது, கிளாஸ். வாய் குறுகிய கிளாஸாக இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. வீட்டில் பெரிய பைண்ட் கிளாஸில் முழுப் பாட்டிலையும் கவிழ்த்திருப்பீர்கள், வாசனை எல்லாம் மேலே போயிருக்கும்.

அப்புறம், அளவு. இந்த மாதிரி பீரை ஒரே ஆள் ஒரே இரவில் தனியாகக் குடித்து முடித்தால் கடைசிப் பாதி யாருக்கும் தித்திப்பாகத்தான் இருக்கும். அது பீரின் குறை இல்லை. இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாட்டில்.

இன்னொன்று, மார்க் முறை. பீர் போட்டி நடுவர்களுக்குச் சான்றிதழ் தருகிற பி.ஜே.சி.பி. அமைப்பின் மார்க் தாளில் மொத்தம் 50. அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நீங்கள் முகர்ந்து மட்டும் பார்த்தால் அந்த 12-க்கும் 3-க்கும்தான் உங்களுக்கு அதிகாரம். முழு 12 கொடுங்கள், தோற்றத்துக்கு 3 கொடுங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள். ஐந்து நட்சத்திர ஆப்களில் இதுதான் கோளாறு, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறார்கள். ரேட்பியர் என்கிற பீர் மார்க் தளத்தில் முன்பு வாசனை, தோற்றம், சுவை என்று பிரித்துப் போடலாம். 2025 பிப்ரவரியில் அதையும் மூடிவிட்டார்கள்.

கடைசியாக, பெயர் மறைத்துக் குடியுங்கள். வீட்டம்மாவிடம் சொல்லி மூன்று கறுப்பு பீர் ஊற்றச் சொல்லுங்கள், எது எது என்று அவர்களுக்கு மட்டும் தெரியட்டும். தீவு, கடல், பழைய பள்ளிக்கூடம் எல்லாம் விலகிவிடும், பீர் மட்டும் நிற்கும்.

என் அனுபவம்: ஆர்க்னியின் இன்னொரு ப்ரூவரியான ஸ்வானியின் ஆர்க்னி போர்ட்டர் என்கிற கறுப்பு பீரை இப்படிக் குடித்தேன். நன்றாக இருந்தது.

கார்த்திகைப்பூ:

மாமா, இவ்வளவு எழுதிவிட்டு உங்கள் கதை "நன்றாக இருந்தது" தானா.

நான் ஆர்க்னியின் கிர்க்வால் ஊரில் நர்ஸாக வேலை பார்த்தேன், இப்போது வேறு ஊர். கிளம்புகிற அன்று வார்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு பை கொடுத்தார்கள், உள்ளே ஸ்கல் ஸ்ப்ளிட்டர் (மண்டை பிளப்பவன்) என்கிற ஆர்க்னி பீர் ஒரு பாட்டில். நான் பீர் பக்கமே போகாதவள். கசப்பு பிடிக்காது. பெயரையும் லேபிளில் கோடாரியோடு நிற்கிற வைக்கிங்கையும் பார்த்ததும், இது நமக்கில்லை, அவரிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். சீனியர் சிஸ்டர், அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், நான் வைத்ததைப் பார்த்துவிட்டார். என் காபி மக்கை எடுத்துக் கழுவி, அதில் இரண்டு விரல் அளவு ஊற்றி நீட்டினார். டூட்டி முடிந்த பிறகுதான், பயப்படாதீர்கள்.

கசப்பே இல்லை. பழக் கேக்கைத் தண்ணீராக்கிக் கொடுத்த மாதிரி, கொஞ்சம் காரமாகத் தொண்டையில் சூடு. 8.5 சதவீதம் என்று அப்புறம்தான் படித்தேன். அந்தக் கோடாரிக்காரர் ஆர்க்னியின் ஏழாவது வைக்கிங் பிரபு தோர்ஃபின் ஐனார்சன், மண்டை பிளப்பது அவருடைய பட்டப்பெயர் என்று சிஸ்டர் சொன்னார். "எங்கள் ஆள், சாது ஆகிவிட்டார்" என்றார். 2008-ல் இந்தப் பெயர் வன்முறையைத் தூண்டுகிற மாதிரி இருக்கிறது என்று பெரிய சர்ச்சை வந்ததாம். இன்றும் அதே பெயரில்தான் விற்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், அந்த மக்கில் குடித்தது மாதிரி வேறு எந்தக் கிளாஸிலும் வரவில்லை. குறுகிய வாய் கிளாஸ் வாங்கித் தாருங்கள் மாமா, முயற்சி செய்கிறேன். மார்க் கேட்டால் அந்த மக்குக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் 4.

நுரைச்சுவர்:

@வடகடல்வாசி சொன்னதுக்கு ஒரு எதிர்ப்பக்கம். பப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள், ப்ரூவரிக்காரர்களும் சும்மா இல்லை. வேறு ஒரு தீவு, சின்ன ப்ரூவரி, பெயர் எழுத மாட்டேன். வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் அழகான பொன் நிற ஏல். துறைமுகத்துக் கடையில் ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள், வெயில் நேராகப் பாட்டில் மேல். கோடையில் அந்தப் பக்கம் சூரியன் மறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கப்பலில் திறந்தேன். மூடி விட்டதும் எதிர் இருக்கையில் இருந்த பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு இடம் போய்விட்டார். எரிந்த ரப்பர், வெங்காயம், என்னவென்று சொல்ல. பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூவில் இருந்து வருகிற கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் கலந்த ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. அதுதான் அந்த நாற்றம். பழுப்புப் பாட்டில் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், வெள்ளைப் பாட்டில் கொஞ்சமும் தடுக்காது. இது ப்ரூவரி வைத்திருக்கிற யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. பீரின் நிறம் தெரிய வேண்டும், சுற்றுலாப் பயணி வாங்க வேண்டும், அதற்காக வெள்ளைப் பாட்டில்.

கோபம் அதுகூட இல்லை. அந்தப் பீருக்கு ஆப்பில் போய்ப் பார்த்தால் "தீவுக்கே உரிய காட்டு வாசனை" என்று எழுதி நான்கு போட்டிருக்கிறார் ஒருவர். காட்டு வாசனையாம். தீவு என்ற ஒரு வார்த்தை போதும், நம் ஆட்கள் கெட்டுப்போனதையும் மண்வாசனை ஆக்கிவிடுகிறார்கள். அரைபைண்ட், உங்கள் 4.75-ல் எவ்வளவு தீவு, எவ்வளவு பீர்?

அரைபைண்ட்:

@நுரைச்சுவர், அதைத்தானே நானும் கேட்டேன். ஆனால் ஒன்று, அதே தீவில் அதே மேஜையில்தான் மச்சானும் உட்கார்ந்திருந்தான். தீவு மயக்கியிருந்தால் அவனும் ஏற்றிப் போட்டிருக்க வேண்டுமே.

@ஈஸ்ட்மாமா, வீட்டில் வாய் குறுகிய துலிப் கிளாஸ்தான், வெளியில் எடுத்து வைத்துத்தான் குடித்தேன்.

ஈஸ்ட்மாமா:

எவ்வளவு நேரம் வெளியில் வைத்தீர்கள்? அறை வெப்பம் என்ன? பாட்டிலை நிற்க வைத்திருந்தீர்களா, படுக்க வைத்திருந்தீர்களா? பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டல் இருந்தால், படுக்க வைத்தது கலங்கி ஊற்றும்போது எல்லாம் கிளாஸுக்கு வந்துவிடும், சுவை மொத்தமாக மாறும். இதெல்லாம் குறித்து வைத்தால்தான் ஒப்பிடலாம். மச்சான் விஷயத்தில் பதில் எளிது, அவர் முதல் வாயிலேயே முடிவு செய்துவிட்டார். ரெட் மெக்ரெகரும் டார்க் ஐலண்டும் முடித்த கையோடு 10 சதவீதம் குடித்தால் ஆல்கஹால்தான் முன்னால் தெரியும். நடுவில் தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்திருக்க வேண்டும்.

குதிரைலாடம்:

எல்லோரும் ஆர்க்னி பேசுகிறீர்கள், நான் ஸ்வீடனில் கோட்லாந்து தீவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கோட்லாண்ட்ஸ்ட்ரிக்கா என்று ஒன்று, வீட்டில் காய்ச்சுவது. புகையில் காய வைத்த மால்ட் (முளைகட்டிய தானியம்), ஜூனிபர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளைகளை ஊற வைத்த தண்ணீர். நண்பரின் மாமனார் கொட்டகையில் பிளாஸ்டிக் வாளியிலிருந்து மொண்டு கொடுத்தார். கலங்கலாக, நுரையே இல்லாமல், புகையும் இனிப்புமாக, அடியில் ஊசியிலைக் காட்டின் கசப்பு. அப்படி ஒன்றை நான் முன்னும் குடித்ததில்லை, பின்னும் இல்லை.

பழக்கதோஷம், ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டார். மார்க் போடப் போகிறேன் என்றேன். நண்பர் மொழிபெயர்த்தார். மனிதர் சிரிக்கவில்லை, யோசித்தார். "போன மாதம் செய்ததுக்கா, இந்த மாதம் செய்ததுக்கா?" என்று கேட்டார். பக்கத்து வாளியைக் காட்டினார். அது வேறு மாதிரி, புளிப்பேறியது, அவருக்கு அதுதான் பிடிக்குமாம். என் வாளி இன்னும் பச்சையாம்.

நான் எதற்கும் மார்க் போடவில்லை. இப்போது அதுதான் கஷ்டமாக இருக்கிறது, எங்கும் எழுதி வைக்காததால் சுவை நினைவிலிருந்து நழுவுகிறது. புகை மட்டும் நினைவிருக்கிறது.

வடகடல்வாசி:

@குதிரைலாடம், இதற்குத்தான் நான் மார்க்கை விட்டுவிட்டு நாலு வரி எழுதி வைக்கிறேன். எந்தப் பம்ப், எந்த நாள், கேஸ்க் புதிதா, கூட யார். அரைபைண்டும் அப்படியே செய்யலாம், இரண்டு வரியும் இரண்டு இடத்தில் இருக்கட்டும், சண்டை வராது.

@ஈஸ்ட்மாமா, ஆர்க்னி போர்ட்டர் 9 சதவீதம். வீட்டம்மா ஊற்றிக் கொடுத்த மற்ற இரண்டு என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லை. கண்டுபிடித்தீர்களா இல்லையா?

ஈஸ்ட்மாமா:

இரண்டைக் கண்டுபிடித்தேன். மூன்றாவது, அவர் என் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் கோலா கலந்து வைத்திருந்தார். அதற்கு 38 போட்டேன், 50-க்கு. தலைப்புக்கு வருவோம்.