உவரி வீட்டு வேம்பைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

உவரியில் எங்கள் வீட்டு வேம்பு தாத்தா வைத்தது. ஆடிக்காற்று ஓய்ந்ததிலிருந்து கடலைப் பார்த்த கிளைகள் மட்டும் நுனியிலிருந்து கருகி வருகின்றன. தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்தால் வேம்பு இப்படிக் கருகும்தான். ஆனால் அது மரம் முழுக்கப் பரவுமே, இங்கே ஒரு பக்கம்தான். உப்புக்காற்றாக இருக்குமோ? போன வருடம் தூரை ஒட்டி சிமென்ட் தளம் போட்டது என் புத்தி. இப்போது சுற்றி மூன்றடிக்கு உடைத்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரும் உப்பு.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "மொட்டை அடிச்சிருங்க, தழைச்சிரும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் காய்ந்ததை மட்டும் கழித்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவினால் போதுமா?

அப்புறம், திசையன்விளை, வள்ளியூர் பக்கம் பக்குவமாகக் கவாத்து செய்பவர் இருந்தால் சொல்லுங்கள். அடியோடு சாய்க்கத்தான் ஆள் நிறைய வருகிறது.